மழைக்காலத்துக் கோப்பை

சென்னைக் கால்பந்தின் கதை – 17

சென்ற இதழில் சைமன் சுந்தரராஜைப் பார்த்தோம். 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக ஆடியவர், பிறகு பயிற்சியாளராகி 1973இல் கேரளத்துக்கு அதன் முதல் சந்தோஷ் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் பக்கத்து மாநிலத்துக்குச் செய்த உபகாரம் அது. இந்த வாரம் வருகிறவர் வெகு தூரத்திலிருந்து சென்னைக்கு வந்தவர். உலகக் கோப்பையைக் கையில் ஏந்திய ஆள். ஆனால் அவர் பயிற்சியாளராக வாழ்ந்த வாழ்க்கை முழுவதும் மூன்றே சீசன்கள்தான். அந்த மூன்றும் நம் ஊரில்தான் நடந்தன. மார்கோ மட்டராட்ஸி.

பெயரைச் சொன்னதும் பலருக்கும் ஒரே காட்சிதான் நினைவுக்கு வரும்: 2006 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் பிரான்ஸின் ஜிடான் திரும்பி வந்து அவர் நெஞ்சில் தலையால் முட்டியது. உலகம் அவரை அந்த ஒரு நொடிக்குள் அடைத்துவிட்டது. சென்னைக்காரர்கள் அப்படி நினைவு வைத்துக்கொள்வது நன்றிகெட்ட செயல் என்பது என் கட்சி. அதனால் அவர் கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்தே சொல்கிறேன்.

1973இல் இத்தாலியின் தென்கோடியில் உள்ள லெச்சேயில் பிறந்தார். அப்பா ஜுசெப்பே மட்டராட்ஸியும் கால்பந்து வீரராக இருந்து பயிற்சியாளர் ஆனவர், லாசியோ போன்ற பெரிய கிளப்புக்கே பயிற்சியாளராக இருந்தவர். பயிற்சியாளர் வேலை என்பது பெட்டியைக் கட்டி வைத்தபடியே வாழ்கிற வேலை. நாலு ஆட்டம் தோற்றால் ஊர் மாற வேண்டியதுதான். பையன் அதைப் பார்த்தே வளர்ந்தான். பதின்ம வயதிலேயே தாயை இழந்தான். அப்பா பெரிய கோச் என்பதால் மகனுக்கு வாசல் திறந்துவிடவில்லை. சிசிலியில் மார்சலா, டிராபானி என்று கீழ்மட்ட லீக் அணிகளில் ஆடித்தான் மேலே வந்தார். பெரூஜியாவில் கால் ஊன்றி, 1998இல் இங்கிலாந்தின் எவர்டனுக்குப் போய், ஒரே சீசனில் திரும்பினார். 2000–01 சீசனில் பெரூஜியாவுக்காக 12 கோல் போட்டார். அவர் தடுப்பாளர் என்பதை நினைவில் வையுங்கள். இத்தாலிய முதல் டிவிஷனில் ஒரு தடுப்பாளர் ஒரு சீசனில் அத்தனை கோல் போட்டது அதுவே முதல்முறை. அர்ஜென்டினாவின் பாசரெல்லா வைத்திருந்த சாதனையை அது முறியடித்தது. அடுத்த சீசனே இன்டர் மிலான் அவரைக் கூட்டிக்கொண்டது.

2006 ஜெர்மனி உலகக் கோப்பைக்கு மாற்றுத் தடுப்பாளராகத்தான் போனார். முதல் இடம் அலெஸ்ஸாண்ட்ரோ நெஸ்டாவுக்கு. செக் குடியரசுக்கு எதிரான ஆட்டத்தில் நெஸ்டா காயம்பட்டு வெளியேற, மட்டராட்ஸி உள்ளே வந்தார். வந்த பத்து நிமிடத்துக்குள் கார்னரிலிருந்து தலையால் ஒரு கோல். அடுத்த சுற்றில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ரெட் கார்டு. அதனால் கால் இறுதியில் ஆட முடியவில்லை. ஒரே போட்டித் தொடரில் இத்தனை ஏற்ற இறக்கம்!

ஜூலை 9, பெர்லின். பிரான்ஸுக்கு எதிரான இறுதியாட்டத்தின் 7ஆவது நிமிடத்தில் மலூடாவை அவர் தடுத்தது பெனால்டி ஆயிற்று; ஜிடான் அதை மெல்லத் தூக்கி விட்டு கோல் ஆக்கினார். 19ஆவது நிமிடத்தில் பிர்லோ அடித்த கார்னருக்கு எல்லோருக்கும் மேலே எழும்பித் தலையால் சமன் செய்தவரும் இவரே. 110ஆவது நிமிடத்தில் அந்தச் சம்பவம். பெனால்டி வரிசையில் தன் பங்கையும் தவறாமல் அடித்தார். இத்தாலி 5–3. பிரான்ஸ் தரப்பில் டிரெசகே அடித்த பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. ஜிடானைத் தூண்டிய வாய்ச்சொல்லுக்காக ஃபிஃபா மட்டராட்ஸிக்கு இரண்டு ஆட்டத் தடையும் 5,000 சுவிஸ் பிராங்க் அபராதமும் விதித்தது. அவரைத் தூண்டியவனையும் தண்டித்தார்களே என்று ஜிடான் ரசிகர்களுக்கு ஆறுதல். பிறகு அந்த முட்டலை ஒரு சிற்பி வெண்கலத்தில் வார்க்க, 2012இல் அது பாரிஸின் போம்பிடூ மையத்துக்கு வெளியே ஐந்து மீட்டர் உயரத்துக்கு நின்றது. 19ஆவது நிமிடக் கோலுக்கு யாரும் சிலை வைக்கவில்லை.

இன்டரில் பத்து ஆண்டுகள். ஐந்து லீக் பட்டங்கள். 2010இல் பயிற்சியாளர் மொரின்யோவின் கீழ் லீக், இத்தாலியக் கோப்பை, சாம்பியன்ஸ் லீக் மூன்றையும் ஒரே சீசனில் வென்ற அணியில் இருந்தார். மாட்ரிட் இறுதியாட்டத்தில் அவருக்குக் கிடைத்தது கடைசி ஓரிரு நிமிடங்களே. ஆட்டம் முடிந்த இரவு, ஸ்டேடியத்துக்கு வெளியே கிளம்பவிருந்த மொரின்யோ காரிலிருந்து இறங்கி, சுவரோரம் நின்ற மட்டராட்ஸியைக் கட்டிப்பிடிக்க, இருவரும் அழுதார்கள். கோச் வேறு கிளப்புக்குப் போகிறார் என்று இருவருக்கும் தெரியும். பெஞ்சில் உட்காரவைக்கப்பட்ட வீரன் தன்னை உட்காரவைத்த கோச்சுக்காக அழுகிறான் என்றால், அந்தக் கோச்சிடம் ஏதோ வித்தை இருந்திருக்கிறது. அந்த வித்தையை அருகிலிருந்து பார்த்தவர்தான் நான்கு ஆண்டு கழித்துச் சென்னைக்கு வந்தார்.

2014 அக்டோபரில் இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) தொடங்கியது. எட்டு அணிகள், இரண்டரை மாத ஆட்டம். அபிஷேக் பச்சனும் தோனியும் பங்குதாரர்களாக இருந்த சென்னையின் எஃப்சி, மூன்று ஆண்டுகளாக எங்கும் ஆடாமல் இருந்த 41 வயது மட்டராட்ஸியை அழைத்து வந்தது. வீரராகவும் பயிற்சியாளராகவும் ஒருசேர. ஐரோப்பாவில் இந்த இரட்டை வேலை அநேகமாக வழக்கொழிந்துவிட்டது. 1986இல் லிவர்பூலின் கென்னி டால்கிலீஷ் ஆடிக்கொண்டே அணியை நடத்தி லீக்கையும் எஃப்ஏ கோப்பையையும் வென்றார்; தொண்ணூறுகளில் செல்சியில் குல்லிட்டும் வியாலியும் செய்தார்கள். களத்துக்குள் நிற்பவனுக்கு ஆட்டத்தின் முழு வடிவமும் தெரியாது, வெளியே நிற்பவனுக்கு அதன் சூடு தெரியாது. இரண்டையும் ஒருவரே செய்வது சிரமம். அதையும் முதல்முறை பயிற்சியாளராகும் ஒருவர், பரிச்சயமில்லாத நாட்டில், சில வாரங்களில் சேர்த்த அணியை வைத்துச் செய்யவேண்டும்.

பெர்லின் இறுதியாட்டத்து ஆட்கள் பலர் அந்த ஆண்டு இந்தியாவில் இருந்தார்கள். டிரெசகே புனேயில், டெல் பியரோ டெல்லியில். சீசனின் கடைசிக் கட்டத்தில் நெஸ்டாவே சென்னை அணிக்கு ஆட வந்து சேர்ந்தார். எவருடைய காயத்தால் மட்டராட்ஸிக்கு உலகக் கோப்பையில் இடம் கிடைத்ததோ, அவர் இப்போது மட்டராட்ஸியின் அணியில்.

பெரிய பெயர்கள் ஒருபுறம் இருக்கட்டும். களத்தில் ஆறு வெளிநாட்டவருக்கு மேல் இறங்கக்கூடாது என்பது அன்றைய விதி. மிச்சம் ஐந்து பேர் இந்தியர்கள். அந்த ஐந்து பேரை யார் நன்றாகத் தேர்ந்தெடுத்து நம்பிக்கை கொடுக்கிறாரோ அவருக்கே வெற்றி. இதைப் பல வெளிநாட்டுப் பயிற்சியாளர்கள் தாமதமாகத்தான் கண்டுகொண்டார்கள். மட்டராட்ஸி மிசோரத்து ஜெஜெ லால்பெக்லுவாவை முன்களத்தில் நிறுத்தினார். இந்திய முன்கள வீரர்களைப் பெஞ்சில் வைத்துவிட்டு வெளிநாட்டவரை இறக்குவதே மற்ற அணிகளின் பழக்கமாக இருந்த காலம் அது.

முதல் உள்ளூர் ஆட்டம் தீபாவளிக்கு முந்தைய நாள், பெரியமேடு நேரு ஸ்டேடியத்தில், கேரளத்துக்கு எதிராக. 2–1 வெற்றி. பிரேசிலின் எலானோ 8 கோலோடு அந்த சீசனின் அதிக கோல் அடித்தவர் ஆனார். 14 ஆட்டத்தில் 23 புள்ளி எடுத்து லீக் சுற்றில் சென்னை முதலிடம். ஆனால் அரையிறுதியில் மறுபடி கேரளம்; அங்கும் வீரர்-பயிற்சியாளர்தான், இங்கிலாந்தின் முன்னாள் கோல்கீப்பர் டேவிட் ஜேம்ஸ். கொச்சியில் 0–3 என்று அடி வாங்கி வந்த சென்னை, இங்கே 90ஆவது நிமிடத்தில் ஜெஜெ போட்ட கோலால் மூன்றையும் திருப்பிக் கொடுத்து ஆட்டத்தைக் கூடுதல் நேரத்துக்கு இழுத்தது. இன்னும் மூன்று நிமிடம் தாங்கியிருந்தால் பெனால்டி வரிசை. 117ஆவது நிமிடத்தில் ஸ்டீபன் பியர்சன் கேரளத்துக்காக ஒரு கோல் போட்டார். மொத்தத்தில் 3–4. அதோடு கதை முடிந்தது.

அடுத்த ஆண்டு மட்டராட்ஸி ஆடவில்லை, பயிற்சியாளர் மட்டுமே. எனக்கு இந்த 2015ஆம் ஆண்டுதான் அவர் கதையின் மையம். தொடக்கமே சரியில்லை. முதல் இரண்டு ஆட்டமும் தோல்வி. கோவாவைப் போய் 4–0 என்று உதைத்த அணி, அடுத்து வந்த ஆட்டங்களில் சறுக்கியது. 10 ஆட்டம் முடிந்தபோது 3 வெற்றி, 1 டிரா, 6 தோல்வி. நவம்பர் நடுவில் பட்டியலின் அடியில் கிடந்தது. இந்த மாதிரி நேரத்தில் கிளப் முதலாளிகள் கோச்சை மாற்றுவார்கள், கோச் அணியை மாற்றுவார். சென்னையில் இரண்டும் நடக்கவில்லை. மட்டராட்ஸி தோற்ற ஆட்களையே நம்பினார். கொலம்பியாவின் ஸ்டீவன் மென்டோசாவின் ஓட்டம், பக்கத்தில் ஜெஜெ, பின்னாலிருந்து பந்து ஊட்ட ரஃபேல் அகஸ்டோ, தடுப்பில் மெயில்சன் ஆல்வெஸும் பெர்னார்ட் மென்டியும் என்று ஒரு முதுகெலும்பு அமைந்தது. எதிரியிடமிருந்து பந்தைப் பறித்ததும் இரண்டு மூன்று பாஸில் மென்டோசாவின் காலுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதே ஆட்டம். கேரளத்தை 4–1, டெல்லியை 4–0. கடைசி நான்கு லீக் ஆட்டமும் வெற்றி. 10 ஆட்டத்தில் 10 புள்ளி எடுத்தவர்கள் அடுத்த நாலில் 12 எடுத்து, 22 புள்ளியோடு மூன்றாம் இடத்தில் அரையிறுதிக்குள் நுழைந்தார்கள்.

அந்த நாட்களில் சென்னையில் யாருக்கும் கால்பந்து ஞாபகம் இல்லை.

அன்றைய ஐஎஸ்எல் சீசன் அக்டோபர் முதல் டிசம்பர் வரை நடந்தது, அதாவது நம் வடகிழக்குப் பருவமழைக்கு அச்சாகப் பொருந்துகிற காலம். 2015இல் அந்த மழை என்ன செய்தது என்று இந்தப் பக்கத்தைப் படிக்கிற சென்னைக்காரர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. நவம்பர் முழுக்கப் பெய்து ஏரிகள் நிரம்பி வழிய, டிசம்பர் 1 இரவு அடையாறு கரை மீறியது. தேனாம்பேட்டையிலிருந்து அண்ணா சாலையில் தெற்கே போனால் நந்தனம், அதைத் தாண்டினால் சைதாப்பேட்டை; அங்கே மறைமலை அடிகள் பாலத்தில் போக்குவரத்து நின்றது. கோட்டூர்புரம், ஜாபர்கான்பேட்டை வீடுகளில் முதல் மாடி வரைக்கும் தண்ணீர். விமான நிலையம் நாள்கணக்கில் மூடிக் கிடந்தது. 1878இல் தொடங்கிய ‘தி இந்து’ நாளிதழ் வெள்ளத்தால் ஒருநாள் அச்சாகவில்லை. தேனாம்பேட்டையில் கல்யாண மண்டபங்களில் பாயும் போர்வையும் பிரெட் பாக்கெட்டும் கட்டி, வேன் வேனாகச் சைதாப்பேட்டைப் பக்கம் அனுப்பிக்கொண்டிருந்தோம்.

இந்த நிலையில் அரையிறுதியைச் சென்னையில் நடத்த வழியில்லை. சென்னையின் உள்ளூர் ஆட்டம் புனே பாலேவாடி ஸ்டேடியத்துக்கு மாற்றப்பட்டது. சொந்த மைதானம் இல்லை, சொந்த ரசிகர் இல்லை. எதிரே நடப்புச் சாம்பியன் கொல்கத்தா. டிசம்பர் 12 அன்று அந்த வேற்றூர் மைதானத்தில் பெலிசாரி, ஜெஜெ, மென்டோசா ஆளுக்கொரு கோல் போட 3–0. நான்கு நாள் கழித்துக் கொல்கத்தாவின் சால்ட் லேக்கில் 1–2 என்று தோற்றும், மொத்தத்தில் 4–2 என்று இறுதிக்குப் போனார்கள். ஒரு பயிற்சியாளரின் வேலையை நான் அளக்கச் சொன்னால், கோப்பை வென்ற இரவைக் காட்டிலும் இந்தப் புனே ஆட்டத்தையே எடுப்பேன். ஊர் மூழ்கிக் கிடக்கையில், குடும்பத்தை அங்கே விட்டுவிட்டு வந்த ஊழியர்களும் இருக்கிற ஒரு அணியை, ஆட்டத்தில் மட்டும் மனதை வைக்கச் செய்வது பலகையில் கோடு போட்டுக் காட்டிச் செய்கிற காரியமில்லை.

டிசம்பர் 20, ஞாயிறு. கோவாவின் மட்காவ், ஃபதோர்டா ஸ்டேடியம். கோவா அணிக்குப் பயிற்சியாளர் பிரேசிலின் ஜிகோ. தேனாம்பேட்டையில் எல்டாம்ஸ் சாலையை ஒட்டிய ஒரு தெருவில் டீக்கடை டிவி முன்னால் நாங்கள் ஏழெட்டுப் பேர். அதில் பாதிப் பேர் நிவாரணப் பொருள் ஏற்றி இறக்கிவிட்டு வந்தவர்கள். ஒருவர் சட்டையில் இன்னும் சேறு காய்ந்திருந்தது. ஆட்டம் தொடங்கும்போது கடைக்காரர் கேட்டார்: “அண்ணே, இதுல நம்ம ஊரு டீம் எது?” அவ்வளவுதான் அன்றைக்குச் சென்னைக்கும் அந்த அணிக்கும் இருந்த உறவு.

முதல் பாதி கோல் இல்லை. 54ஆவது நிமிடத்தில் சென்னைக்குப் பெனால்டி. கோவாவின் கோல்கீப்பர் கட்டிமணி பெலிசாரியின் உதையைத் தடுத்தார், திரும்பி வந்த பந்தை பெலிசாரியே உள்ளே தள்ளினார். நாலு நிமிடத்தில் ஹாவோகிப் சமன் செய்தார். உடனே சென்னைக்கு இன்னொரு பெனால்டி. இந்த முறை மென்டோசா அடித்ததைக் கட்டிமணி தடுத்தே விட்டார். ஒரே இறுதியாட்டத்தில் இரண்டு பெனால்டியைத் தடுத்த கோல்கீப்பர்! 87ஆவது நிமிடத்தில் ஹோஃப்ரே அடித்த ஃப்ரீகிக் உள்ளே போக, கோவா 2–1. டீக்கடையில் ஒருவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். 90ஆவது நிமிடத்தில் கோல் முகப்பில் நெரிசல். பந்தை வெளியே தட்டப்போன கட்டிமணியின் கையிலேயே பட்டு அது வலைக்குள் விழுந்தது. 2–2. அத்தனை நன்றாக ஆடிய மனிதருக்கு அப்படி நேர்ந்திருக்கக் கூடாது. கூடுதல் நேரம் என்று எல்லோரும் நினைத்திருக்க, 92ஆவது நிமிடத்தில் மென்டோசா. 3–2. பெனால்டியைக் கோட்டைவிட்டவர் முப்பது நிமிடம் கழித்துக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். அந்த சீசனில் அது அவருக்கு 13ஆவது கோல், ஜெஜெ 6.

செருப்பை மாட்டியவர் தெருமுனையிலிருந்து ஓடி வந்தார். கடைக்காரர் எல்லோருக்கும் காசு வாங்காமல் டீ ஊற்றினார். அணியினர் அந்தக் கோப்பையை வெள்ளத்தில் தவித்த சென்னை மக்களுக்கு அர்ப்பணித்தார்கள். பத்து நாளாக ஊரில் நல்ல செய்தி என்று ஒன்றும் வந்திருக்கவில்லை. அதனால் அந்த அர்ப்பணிப்பு எங்களுக்கு வெறும் சம்பிரதாயமாகப் படவில்லை.

மட்டராட்ஸியைப் பற்றி நல்லதை மட்டும் சொன்னால் அது வரலாறு ஆகாது. 2016இல் எல்லாம் சரிந்தது. மென்டோசா இல்லை, எலானோ இல்லை. முன்னிலை பெற்ற ஆட்டங்களைக்கூட டிரா செய்தார்கள்; கடைசி ஆட்டத்தில் கோவாவிடம் 4–5 என்று தோற்றார்கள். எட்டில் ஏழாம் இடம். ஆட்டத்தை மூடி முடிக்கத் தெரியாத அணியாகவே அது இருந்தது. தடுப்பாளராக உலகப் புகழ் பெற்ற ஒருவரின் அணி இப்படி கோல் வாங்கியது வேதனை. எனக்கு இன்னொரு பெரிய குறையும் உண்டு: மூன்று ஆண்டுகளில் வியாசர்பாடி, பெரம்பூர் பையன்கள் இந்த அணியின் நடுவில் வந்து நிற்கவில்லை. அதை அவர் ஒருவர் தலையில் கட்ட மாட்டேன். இரண்டரை மாதம் ஆடிவிட்டுக் கலைந்த அன்றைய லீக்கில் உள்ளூர் வீரனை வளர்க்க எந்தக் கோச்சுக்கும் அவகாசம் இருக்கவில்லை. அந்த அமைப்பின் பிழை அது. ஆனாலும் ஊர்ப் பெயரைத் தாங்கிய அணியிடம் ஊர் எதிர்பார்ப்பது நியாயம்தானே.

2017 மார்ச்சில் மட்டராட்ஸி விலகினார். அவருடைய பயிற்சியாளர் வாழ்க்கை அதோடு நின்றது. அப்பாவைப் போல ஊர் ஊராகப் பெட்டி தூக்கவில்லை. ஒரே ஊர், ஒரே அணி, ஒரு கோப்பை. சென்னைக்குக் கிடைத்த முதல் ஐஎஸ்எல் கோப்பையும் அதுவே.

அவர் இடத்துக்கு இங்கிலாந்தின் முன்னாள் நடுக்கள வீரர் ஜான் கிரிகரி வந்தார். ஆஸ்டன் வில்லாவுக்கு மேனேஜராக இருந்த அனுபவசாலி. அவருக்கு உதவிப் பயிற்சியாளர், இந்தியன் வங்கி அணியில் ஆடி வளர்ந்த நம் சையத் சபீர் பாஷா. 2018 மார்ச்சில் கோவாவுடன் நடந்த அரையிறுதியில், நேரு ஸ்டேடியத்தில், வியாசர்பாடி தனபால் கணேஷ் தலையால் முட்டி ஒரு கோல் போட்டார். உள்ளூர்ப் பையன் நடுவில் வந்து நின்றுவிட்டான். அந்தக் கதை அடுத்த இதழில்.

அதற்கு முன் ஒரு கணக்கை மட்டும் இங்கேயே எழுதிவிடுகிறேன். 2018 மார்ச் 17 அன்று பெங்களூரில், பெங்களூரு எஃப்சியை 3–2 என்று வென்று சென்னை இரண்டாவது முறை கோப்பையைத் தூக்கியது. அந்த மூன்று கோலில் இரண்டு மெயில்சன் ஆல்வெஸ் போட்டது, ஒன்று ரஃபேல் அகஸ்டோ போட்டது. இருவரையும் 2015இல் சென்னைக்குக் கூட்டி வந்தவர் மட்டராட்ஸி.

(தொடரும்)